கரமனைக்கு வேண்டியது குட்டி டவர்

கரமனை, கிள்ளிப்பாலம், நீறமண்கரை வட்டாரத்தில் குடியிருப்போர் கூட்டம் எங்கே நடந்தாலும் குடிநீர், சாக்கடை, தெருநாய் ஆகிய வழக்கமான புகார்களோடு நாலாவதாக ஒன்று எழும்பி விடுகிறது. செல்போன் வீட்டுக்குள் பேசுவதில்லை, ஆகவே புதிய டவர் ஒன்று வைக்க வேண்டும் என்பதே அது. அந்தக் கோரிக்கை எழுந்த சூட்டோடு, 'டவர் வரட்டும், ஆனால் நம் தெருவில் வேண்டாம்' என்ற குரலும் பின்னால் வரும். இரண்டையும் ஒரே கூட்டத்தில் கைதட்டி வரவேற்பவர்களும் உண்டு.

இந்தக் கோரிக்கையில் உள்ள குறை நியாயமானது. கேட்கும் மருந்துதான் பொருத்தமில்லாதது. கரமனையின் நெருக்கடி பெரும்பாலும் வீட்டுக்குள்ளும் கடைக்குள்ளும் உண்டாகிறது. அதைத் தெருவில் நிற்கும் டவரின் தலையில் கட்டப் பார்ப்பதால்தான் தெருவில் நிற்பவனுக்கும் கிடைக்காமல் போகிறது.

அக்ரகாரத் தெருக்களில் மாலையில் நடந்து போகிறவர்கள் ஒரு காட்சியைப் பார்த்திருப்பார்கள். 'கேக்கலை, இருங்கோ, வாசலுக்கு வரேன்' என்று சொல்லிக்கொண்டே எழுபது வயதுப் பெரியவர் திண்ணைக்கு வருவார். பெங்களூரிலோ அமெரிக்காவிலோ உள்ள பிள்ளையோடு பேசி முடிக்கும் வரை கொசுக்கடியில் நிற்பார். அந்த வீடுகளின் அமைப்பு அப்படி. முன்புறம் குறுகி, உள்ளே நீண்டு, இரு பக்கமும் அடுத்த வீட்டோடு சுவர் பகிர்ந்து நிற்பவை. தனித்த கனத்த சுவர்கள். இடித்துக் கட்டியவர்களும் கான்கிரீட்டில் இரண்டு, மூன்று மாடி எழுப்பிவிட்டார்கள். பழைய டெலிபோன் கம்பி இணைப்பையோ பலர் எப்போதோ திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நள்ளிரவில் நெஞ்சுவலி என்றால் பின்கட்டு அறையிலிருந்து 108-ஐ அழைக்க அந்தச் செல்போன் ஒன்றே கதி.

சுவர் எவ்வளவு தடுக்கிறது என்பதற்குக் கணக்கு உண்டு. செல்போன் தொழில்நுட்பத்துக்கு விதிமுறை வகுக்கும் 3 ஜி.பி.பி. என்ற சர்வதேச அமைப்பின் சூத்திரப்படி, ஒரு கான்கிரீட் சுவரைத் தாண்டும்போது 900 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு உள்ளே வந்து சேரும். 5ஜி சேவைக்குப் பெரிதும் பயன்படும் 3500 மெகாஹெர்ட்ஸ் அலையிலோ எண்பதில் ஒரு பங்குதான் வரும். இது ஒரு சுவருக்கான கணக்கு. வெயில் உள்ளே வராமலிருக்க உலோகப் பூச்சுக் கொடுத்த கண்ணாடி இருக்கிறதே, இப்போது களியக்காவிளை சாலை ஓரத்தில் எழும்பும் கடைகளின் முகப்பில் பளபளக்கிறதே, அது கான்கிரீட்டை விட மோசம். அதே சூத்திரம் அதற்குச் சொல்வது இருநூற்றைம்பதில் ஒரு பங்கு. கட்டடம் நவீனமாக ஆக, செல்போன் ஊமையாகிறது.

ஆக, புதிய தலைமுறை அலைகள் வேகத்தில் கெட்டி. சுவர் ஏறுவதில் பலவீனம். நாட்டில் 5ஜி சேவை 2022 அக்டோபர் 1-ல் தொடங்கி, அந்த டிசம்பரிலேயே திருவனந்தபுரத்துக்கும் வந்துவிட்டது. போனின் மேல்மூலையில் 5ஜி என்று எழுத்து மின்னுகிறது. சமையலறைக்குள் போனால் அது மறைந்துவிடுகிறது.

சரி, உள்ளே இருப்பவனுக்குச் சிக்னல் குறைந்தால் அது அவன் கஷ்டம். தெருவில் நிற்பவனுக்கு என்ன நஷ்டம்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. ரயில்வே ஸ்டேஷன் டிக்கெட் கவுண்டரை நினைத்துக் கொண்டால் எளிதில் புரியும். கண்ணாடிக்கு அருகில் நின்று 'நாகர்கோவில், இரண்டு' என்று தெளிவாகச் சொல்பவர் அரை நிமிடத்தில் டிக்கெட்டோடு போய்விடுவார். பத்தடி தள்ளி, தூணுக்குப் பின்னால் நின்று ஒருவர் கேட்டால் என்ன ஆகும்? நாகர்கோவிலா, நெய்யாற்றின்கரையா என்று கிளார்க் இரண்டு தரம் கேட்பார். இவர் மூன்று தரம் சொல்வார். வரிசை வாசல் வரை நீளும். டிக்கெட் ஒன்றுதான், எடுத்துக்கொண்ட நேரம் பத்துப் பேருடையது.

டவரும் இப்படித்தான் வேலை செய்கிறது. அதன் கையில் உள்ள அலையும் நேரமும் அளவோடு உள்ளவை. எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. 4ஜி விதிகளில் சிக்னல் தரத்துக்கு 15 படிகள் வைத்திருக்கிறார்கள். மேல்படியில் இருப்பவனுக்கு டவர் ஒரு துடிப்பில் ஐந்தரை பிட் தகவலை அனுப்பி விடலாம். நாலாவது படியில் இருப்பவனுக்கு 0.6 பிட்தான். அடிப்படியில் இருப்பவனுக்கு 0.15. அதாவது நாலாவது படியில், பின்கட்டு அறையில் உட்கார்ந்து ஒருவர் பார்க்கும் வீடியோ, தெருவில் நல்ல சிக்னலில் நிற்கும் ஒன்பது பேருக்குப் போதுமான இடத்தைத் தின்றுவிடுகிறது. அடிப்படியில் இருப்பவர் தின்பது முப்பத்தாறு பேர் இடம். அவர் மேல் குற்றமில்லை. அவர் பணம் கட்டியிருக்கிறார், அவர் வீட்டில் இருக்கிறார். ஆனாலும் வரிசை வாசல் வரை நீள்கிறது.

இதனோடு மக்கள் பயன்படுத்தும் அளவும் ஏறிவிட்டது. சர்க்கார் கணக்குப்படி 2014 மார்ச்சில் ஒரு சந்தாதாரர் மாதத்துக்குச் செலவழித்தது சராசரியாக 62 எம்.பி. பத்து வருஷத்தில் அது 20 ஜி.பி.யைத் தாண்டிவிட்டது. 1996 செப்டம்பர் 17-ல் கொச்சியில் தகழி சிவசங்கரப் பிள்ளை கேரளத்தின் முதல் செல்போன் அழைப்பைப் பேசியபோது, அந்தக் கருவி நடமாடும் பணக்காரர்களுக்கான சாமான். இன்று அது உட்கார்ந்து பார்க்கும் சாமான். டெலிகாம் ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்', டேட்டாவின் பெரும்பகுதி கட்டடங்களுக்குள்தான் செலவாகிறது என்று சொல்கிறது. உள்ளே செலவாகும் சரக்கை வெளியே இருந்து சுவரைத் துளைத்து அனுப்பிக்கொண்டிருப்பது, மொட்டை மாடியில் நின்று கூரை வழியாக அண்டாவில் தண்ணீர் ஊற்றுவது போன்ற வேலை.

இதற்கு மருந்து 'ஸ்மால் செல்'. குட்டி டவர் என்று சொன்னால் போதும். அகலத்தில் ஒரு தாம்பாளம் அளவுள்ள பெட்டி. கூரையிலோ சுவரிலோ பொருத்தி, இழைக் கம்பியையும் மின்சாரத்தையும் கொடுத்துவிட்டால் அந்த மாடிக்கு அதுவே டவர். பெரிய டவரில் ஒவ்வொரு கருவியும் 20 முதல் 40 வாட் சக்தியில் ஒலிபரப்பும். குட்டி டவர் கால் வாட்டோ அதற்கும் குறைவோதான். உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் மேல்படிக்கு வந்துவிடுகிறார்கள். அவர்கள் பாரம் இழைக் கம்பி வழியாகப் போய்விடுகிறது. தெரு டவரின் வரிசையிலிருந்து மிக மெதுவான ஆட்கள் விலகியதும் மீதிப் பேர் சரசரவென்று நகர்கிறார்கள். ஒரு தெருவில் பத்துப் பேர் இப்படி உள்ளே மாறினால், வெளியே கிடைக்கும் லாபம் பத்துப் பேருக்கு மட்டும் உரியதல்ல. தொண்ணூறு பேருக்கு உரியதாக இருக்கலாம். இன்னொரு வேடிக்கையும் உண்டு. இதுவரை விரோதியாக இருந்த அந்தக் கனத்த சுவர் இப்போது சிநேகிதனாகிவிடுகிறது. உள்ளே உள்ள பெட்டியின் அலை வெளியே கசிந்து தெரு டவரோடு மோதாமல் தடுப்பது அதே சுவர்தான்.

சாலைக் கடைத்தெருவில் இதன் அருமை நன்றாகத் தெரியும். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று அறை தாண்டி மூட்டை அடுக்கியிருக்கும் கடைகள் அங்கே எத்தனையோ. திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து தலைமுறையாக வியாபாரம் செய்யும் நம்மவர்கள் அதில் நிறையப் பேர். வாடிக்கையாளர் போனில் பணம் அனுப்பிவிட்டு, 'அண்ணாச்சி, போயிடுச்சு' என்கிறார். மேஜை மேலுள்ள பேசும் பெட்டி மூச்சு விடுவதில்லை. அந்தப் பெட்டிக்குள்ளும் ஒரு சிம் கார்டு உண்டு, அதற்கும் டவர் வேண்டும் என்பது வாங்கியவர் பலருக்குத் தெரியாது. அண்ணாச்சி சந்தேகப்படுகிறார். வாடிக்கையாளர் கோபப்படுகிறார். இரண்டு பேரும் யோக்கியர்கள்.

இந்த வட்டாரத்துக்கே உரிய பெரிய பரீட்சை ஒன்று வருஷம் தவறாமல் வருகிறது. அதுதான் ஆற்றுகால் பொங்கல். 1997-ல் 15 லட்சம் பெண்கள், 2009-ல் 25 லட்சம் பெண்கள் என்று கின்னஸ் புத்தகத்திலேயே ஏறிய கூட்டம். அட்டக்குளங்கரை, கிள்ளிப்பாலம், கரமனை என்று சாலையெல்லாம் அடுப்புதான். இத்தனை பேருக்கு ஈடுகொடுக்க எந்த ஊர் டவராலும் ஆகாது. பெருங்கூட்ட நாட்களில் வண்டியில் ஏற்றிய தற்காலிக டவர்களைக் கொண்டுவந்து நிறுத்துவது கம்பெனிகளின் வழக்கம். அது தேவைதான். ஆனால் அந்தப் பொழுதில் சாலையின் இரு மருங்கிலும் உள்ள வீடுகளில் என்ன நடக்கிறது? வெளியூர் உறவினரெல்லாம் வந்து நிறைந்திருக்கிறார்கள். கோயிலில் அடுப்பு மூட்டும் காட்சியைப் போனில் நேரடியாகப் பார்க்கிறார்கள். சுவருக்குப் பின்னால் இருந்து, கீழ்ப்படிகளில் நின்றுகொண்டு, அதே டவரை உறிஞ்சுகிறார்கள். வெளியே வெயிலில் மயங்கி விழுந்த பெண்ணுக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட முயல்கிறவர் இவர்களோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. வீடுகளும் கட்டடங்களும் தங்கள் பாரத்தைத் தாங்களே உள்ளே இறக்கிக்கொண்டால், சாலையில் நிற்பவர்களுக்கு அந்த ஒரு நாளில் கிடைக்கும் மூச்சு கொஞ்சமல்ல. குட்டி டவர் 25 லட்சம் பேரின் குறையைத் தீர்த்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. தீர்க்க முடியாத கூட்டத்தில் தேவையில்லாத கூட்டத்தைக் கழித்துவிடும், அவ்வளவுதான்.

சிலர் பொறுமை இழந்து, கடையிலும் ஆன்லைனிலும் கிடைக்கும் 'பூஸ்டர்' கருவியை வாங்கி மாடியில் கட்டிவிடுகிறார்கள். இதைக் கண்டிக்காமல் இருக்க முடியாது. குட்டி டவர் வேறு, பூஸ்டர் வேறு. பூஸ்டர் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. தெரு டவரின் குரலையே, இரைச்சலையும் சேர்த்து, உரக்கக் கத்துகிறது. வாங்கியவர் வீட்டில் நாலு கோடு தெரியும். நாலு தெரு தள்ளி இருப்பவரின் பேச்சு அறுந்துபோகும். லைசென்ஸ் பெற்ற கம்பெனிகள் அல்லாத தனியார் இதை வைத்திருப்பதும் விற்பதும் சட்டவிரோதம் என்று மத்திய டெலிகாம் இலாகா 2022 ஜனவரியில் வெளிப்படையாக அறிவித்தது. அபராதம் வரும் வரை காத்திராமல் கழற்றிவிடுவது அண்டை வீட்டாருக்குச் செய்யும் உபகாரம்.

'குட்டி டவரானாலும் டவர்தானே, கதிர்வீச்சு வீட்டுக்குள்ளேயே வந்துவிடுமே' என்பது அடுத்த பயம். கேரளத்தில் இந்தப் பயத்துக்கு வயதாகிவிட்டது; பஞ்சாயத்துக்கள் டவருக்கு அனுமதி மறுத்து வழக்குகள் ஐகோர்ட் வரை போயிருக்கின்றன. சேமஞ்சேரி கிராமப் பஞ்சாயத்து வழக்கில் 2006-லேயே வெறும் அச்சத்தை ஆதாரமாக வைத்து அனுமதியைத் தடுக்க முடியாது என்ற நிலையைக் கோர்ட் எடுத்தது. மத்திய சர்க்கார் 2012 செப்டம்பர் 1 முதல் டவர் கதிர்வீச்சு வரம்பை சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. இதையெல்லாம் விட எளிய ஒரு செய்தி இருக்கிறது. காதோடு ஒட்டி வைத்துக்கொள்ளும் போன், டவர் தூரமானால் தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும். 4ஜியில் 200 மில்லிவாட் வரை போகும். பெட்டி அதே அறையில் இருந்தால் அந்தப் போன் முணுமுணுத்தாலே போதும். கதிர்வீச்சுக்குப் பயப்படுகிறவர்தான் குட்டி டவரை முதலில் கேட்க வேண்டியவர். பேட்டரியும் சாயங்காலம் வரை நிற்கும்.

பிறகு ஏன் வரவில்லை? பணமும் பிடிவாதமும்தான் காரணம். பெட்டிக்கு இழைக் கம்பி வேண்டும், மின்சாரம் வேண்டும், மழைக்கால மின்தடைக்கு பேட்டரி வேண்டும். கட்டட உரிமையாளர், 'உனக்குத்தானே லாபம், வாடகை கொடு' என்கிறார். கம்பெனி, 'உன் கட்டடத்துக்குத்தானே வசதி, நீ கொடு' என்கிறது. இந்த இழுபறி சின்னக் கட்டடத்தில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். 2025 டிசம்பரில் விமான சேவை தொடங்கிய நவி மும்பை விமான நிலையத்திலேயே உள்ளே கருவி வைக்கும் கட்டணம் பற்றிக் கம்பெனிகளுக்கும் நிர்வாகத்துக்கும் தகராறு பத்திரிகைகளில் வந்தது. இன்னொரு வியாதி, ஒரு கட்டடத்தை ஒரே கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிடுவது. அந்தக் கம்பெனி சிம் உள்ளவனுக்கு உள்ளே ராஜ உபசாரம்; மற்றவனுக்குத் திண்ணை. கட்டடத்துக்குள் இப்படி ஏகபோகம் கூடாது, கருவிகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று டிராய் 2017 ஜனவரியிலேயே சிபாரிசு செய்தது. நாலு கம்பெனிக்கு நாலு பெட்டி என்று சுவர் முழுக்கத் தொங்கவிட வேண்டியதில்லை. ஒரே ஏற்பாட்டை எல்லோரும் பகிர்ந்தால் செலவும் நாலில் ஒன்று போல ஆகிவிடும்.

சட்டங்கள் இல்லாமலும் இல்லை. தெருவிளக்குக் கம்பத்தில் குட்டி டவர் வைக்க நகர்ப்புறத்தில் ஒரு கம்பத்துக்கு வருஷம் 300 ரூபாய், கிராமத்தில் 150 ரூபாய் என்று 2022 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் கட்டணம் நிர்ணயித்தது. அதே வருஷம் போபால் நகரம், பெங்களூர் மெட்ரோ, டில்லி விமான நிலையம், காண்ட்லா துறைமுகம் ஆகிய நாலு இடங்களில் டிராய் சோதனையும் நடத்திப் பார்த்தது. 2024 அக்டோபர் 25-ல் டிராய் இன்னொரு விதி கொண்டுவந்தது. கட்டடங்களுக்கு அவற்றின் டெலிகாம் வசதியைப் பார்த்து நட்சத்திரம் கொடுப்பது, ஹோட்டல்களுக்குக் கொடுப்பது போல. வீடு வாங்குகிறவன் லிஃப்ட், கார் நிறுத்துமிடம் என்று கேட்பதோடு இதையும் பார்த்து வாங்கலாம். நல்ல யோசனைதான். ஆனால் விருப்பப்பட்டவர் விண்ணப்பிக்கலாம் என்று விட்டிருக்கிறார்கள். மதிப்பெண் குறையும் என்று தெரிந்த மாணவன் எவன் விரும்பிப் பரீட்சை எழுதுவான்?

சின்ன வீடுகளைப் பொறுத்தவரை இவ்வளவு கூடத் தேவையில்லை. பிரிட்டனில் வோடபோன் கம்பெனி 2009-லேயே வீட்டுக்கான குட்டிப் பெட்டியை விற்றது. வைஃபை மூலம் பேசும் வசதி பரவியதும் அதை நிறுத்திவிட்டது. அந்த வசதி இந்தியாவில் தனியார் கம்பெனிகளிடம் 2019, 2020 முதல் இருக்கிறது. இழை இணைப்பு உள்ள வீட்டில் போனின் செட்டிங்கில் ஒரு பொத்தானைத் தட்டினால் அந்த வீட்டின் வைஃபையே குட்டி டவராகிவிடும். கூடுதல் காசில்லை. இது தெரியாமல் திண்ணையில் கொசுக்கடி படும் பெரியவர்கள் கரமனையில் எத்தனை பேரோ! விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் பாத்திரக்கடைக்குப் போவதற்கு முன் இந்தப் பொத்தானைத் தட்டிவிட்டுப் போகலாம். ஏழை வீடுகளுக்கு கே-ஃபோன் இருக்கிறது. 2023 ஜூன் 5-ல் மாநில சர்க்கார் தொடங்கி வைத்த அந்தத் திட்டத்தின் நோக்கமே 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பும் 30,000 சர்க்கார் அலுவலகங்களுக்கு இணைப்பும் கொடுப்பதுதான்.

பொது இடத்தில் மட்டும் வைஃபை போதாது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓடுகிறவன் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு நிற்க மாட்டான். ரயில்வே ஸ்டேஷன்களில், நாட்டில் 6,000-க்கும் மேற்பட்ட இடங்களில், இலவச வைஃபை இருக்கிறது. அதில் நுழைய வேண்டுமானால் போனுக்கு ஓ.டி.பி. வர வேண்டும். ஓ.டி.பி. வரச் சிக்னல் வேண்டும்! சிக்னல் இருப்பவனுக்குத்தான் சிக்னல் இல்லாதவனுக்கான வசதி கிடைக்கிறது. பொது இடத்தில் எல்லாச் சிம்முக்கும் கேள்வி கேட்காமல் பேசும் குட்டி டவரே தேவை.

திருவனந்தபுரம் மாநகராட்சி இதில் வேறு யாருக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த வழித்தட உரிமை விதிகள் பொதுக் கட்டடங்களில் அனுமதிக்குக் காலக்கெடு வைத்திருக்கின்றன. மாநகராட்சியின் சொந்த மார்க்கெட்டுகள், கோட்டை தாலுகா ஆஸ்பத்திரி, தம்பானூர் பஸ் டெர்மினல் போன்ற சர்க்கார் கட்டடங்களில் கே-ஃபோன் இழையைக் கொடுத்து, எல்லாக் கம்பெனிகளும் பகிரும் ஏற்பாட்டை முதலில் செய்யலாம். வாடகை பெயரளவில் வாங்கினால் போதும். இனிமேல் கட்டப்படும் பெரிய கடை, கல்யாண மண்டபம், அடுக்குமாடிக் கட்டடங்களுக்குப் பிளான் பாஸாகும்போதே இழைக்கான குழாயும், பெட்டி வைக்க இடமும், பேட்டரியோடு மின் இணைப்பும் காட்டச் சொல்லலாம். மழைநீர்த் தொட்டி காட்டச் சொல்வதில்லையா, அதுபோல. சாலை வியாபாரிகள் சங்கங்கள் கடைக்குக் கடை பூஸ்டர் தேடாமல், வரிசைக்கு ஒரு பெட்டி என்று கம்பெனிகளை ஒரே மேஜைக்கு அழைக்கலாம்.

குடியிருப்போர் சங்கங்கள் அடுத்த கூட்டத்தில் தீர்மானம் எழுதும்போது 'டவர் வேண்டும்' என்ற வரியை அடித்துவிட்டு, எந்தெந்தக் கட்டடத்தில் எந்தெந்த மாடியில் பேச்சு அறுகிறது என்ற பட்டியலைச் சேர்த்துக் கவுன்சிலரிடம் கொடுக்கட்டும். அடுத்த மாசிப் பொங்கலுக்கு முன் கரமனைப் பாலத்திலிருந்து கிள்ளிப்பாலம் வரை உள்ள பெரிய கட்டடங்களை மட்டுமாவது எடுத்துக்கொண்டால் வேலை தொடங்கிவிடும்.